அணுவுக்கு நிய்யத் உண்டா?

தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பாடத்தில் 'தாக்கம்' என்றொரு சொல் உண்டு. பதார்த்தங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேறொன்றாக மாறுவதை இரசாயனத் தாக்கம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே சொல்லுக்கு வகுப்பறைக்கு வெளியே இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓர் ஊர் எரிந்த பின்னர், ஒரு மையித்து வீடு வந்து சேர்ந்த பின்னர், "அவர்கள் செய்ததற்கு இது மறுதாக்கம்" என்று எங்கோ ஒரு குரல் விளக்கம் சொல்லும். கிழக்கில் வாழ்ந்த எந்தச் சமூகமும் இந்த விளக்கத்தைச் சொல்லாமலோ கேட்காமலோ இருந்ததில்லை. அணுக்களைப் பற்றிய ஒரு சொல் மனிதர்களைப் பற்றிய தீர்ப்பாக மாறலாமா என்பதே இங்கு எழும் கேள்வி.

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பிரதேசத்தின் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது கிளிவெட்டி. அந்த வயல்களுக்கு மேலே நிற்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். நெற்பயிரின் முதற்பசியும் நைதரசன்தான். ஆயினும் காற்றிலுள்ளதைப் பயிர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைதரசன் அணுக்கள் மூன்று சோடி இலத்திரன்களைப் பங்கிட்டு மும்மைப் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. ஒரு மூல் நைதரசனில் அப்பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 945 கிலோயூல் சக்தி வேண்டும்.

1909இல் பிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் உயர் அமுக்கத்தில், ஊக்கியின் துணையோடு, நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவர, 1913இல் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. நமது விவசாயி மூட்டையாக வாங்கும் யூரியா அந்த அமோனியாவின் பிள்ளை. அதன் நிறையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன்.

அதே அமோனியாவிலிருந்துதான் நைத்திரிக் அமிலமும், அதிலிருந்து வெடிபொருளும் வருகின்றன. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு அது பயன்பட்டது. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி ஈப்ரு போர்க்களத்தில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டபோது அதை மேற்பார்வை செய்தவரும் இதே ஹாபர்தான். 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்தது ஏறத்தாழ 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதுவும் ஓர் உர வகையே.

நமது நாட்டிலும் போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல பகுதிகளுக்கு யூரியா கொண்டுசெல்வது தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தது. வெடிபொருளாகிவிடும் என்ற அச்சமே காரணம். அச்சத்துக்கு இடமிருந்தது உண்மை. பயிர் மஞ்சளித்து நின்றதும் உண்மை. பின்னர் 2021 மே மாதம் வேறொரு காரணத்துக்காக, நாடு முழுவதற்குமே இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, விளைச்சல் சரிந்து, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஒரு தடவை மூட்டை சந்தேகநபர். மறு தடவை மூட்டை நஞ்சு. மூட்டைக்குள் இருந்த அணுவோ இரண்டு தடவையும் ஒன்றே.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? இக்கேள்வியை நமது இல்முல் கலாம் அறிஞர்கள் வேறொரு வாசலால் அணுகினார்கள். சடப்பொருள் மேலும் பிரிக்க முடியாத நுண்கூறுகளால் ஆனது என்று கொண்டு, அதனை 'ஜவ்ஹர்' என்றார்கள். அது இன்றைய பாடநூலின் அணு அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படுவதில் பயனில்லை. அவர்களது அக்கறை வேறு. அஷ்அரிகளின் நோக்கில் ஜவ்ஹருக்குத் தன்னளவில் எந்தச் செயலாற்றலும் இல்லை. 1095 அளவில் எழுதிய 'தஹாபுதுல் பலாஸிபா'வில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார். நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நெருப்பே எரித்தது என்பதை நாம் காணவில்லை, எரியச் செய்பவன் இறைவன் என்பது அவரது வாதம். இப்னு ருஷ்து இதை மறுத்தார். பொருளின் இயல்பை மறுத்தால் அறிவுக்கே இடமில்லாமல் போகும் என்றார்.

இவ்விவாதத்தில் நமக்கு வேண்டிய இடம் ஒன்றுண்டு. நெருப்பின் கையிலிருந்து செயலைப் பறித்த அதே அஷ்அரிகள், மனிதனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதைச் 'சம்பாதிப்பவன்' மனிதன். இதுவே 'கஸ்பு'. இக்கோட்பாட்டின் தர்க்கச் சிக்கல்களை நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அதன் பிடிவாதம் மதிக்கத்தக்கது. பஞ்சும் நெருப்பும் விசாரிக்கப்படமாட்டா; தீ வைத்தவன் விசாரிக்கப்படுவான்.

இனி மறுதாக்கம் என்ற சொல்லுக்குத் திரும்புவோம். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக இருபதுக்கு மேற்பட்ட தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் 2016இல் விடுவிக்கப்பட்டார்கள். 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு பெயர்ந்து கந்தளாய்க்குப் போனார்கள். சம்பூரிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடந்த இன்னொன்றைச் சுட்டிக்காட்ட ஆட்கள் இருந்தார்கள். முன்னால் நடந்ததை அறிவது வரலாற்றுக்கு அவசியம்தான். அது பின்னால் நடந்ததற்கு மன்னிப்புச் சீட்டாகும்போதுதான் பிழை தொடங்குகிறது. ஏனெனில் "நான் தாக்கமுற்றேன்" என்று சொல்பவன், தனக்குத் தெரிவு இருந்ததை மறுக்கிறான். தன்னைப் பஞ்சாக்கிக்கொள்கிறான்.

சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவதை இன ஒற்றுமைக்கு உவமையாகக் கூறும் மேடைகளும் உண்டு. நல்லெண்ணம்தான், உவமைதான் பொருந்தாது. சோடியம் இலத்திரனை இழப்பது தியாகமல்ல. அதற்கு வேறு வழியில்லை. கொடுக்காமலும் இருக்கக்கூடியவன் கொடுப்பதற்குத்தான் தியாகம் என்று பெயர். வெறுப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தும் அயலவனுக்குக் கதவைத் திறப்பவன் எந்தச் சமன்பாட்டிலும் அடங்கமாட்டான்.

'தர்ரா' அளவு நன்மையும் தீமையும் காணப்படும் என்கிற அத்தியாயத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். அச்சொல்லை அணுவளவு என்று பெயர்த்துவிட்டு, அதில் பௌதிகவியலைத் தேடுவோர் இருக்கிறார்கள். அங்கே பேசப்படுவது அணுவின் நிறையல்ல, செயலின் நிறை. அணு எதைச் சுமந்தாலும் அதற்குக் கணக்கில்லை. கணக்கு நமக்கு.