பிரிக்காமல் ஒரு தொடுகோடு

ஆடித் தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியில் நிற்க இடம் கிடைக்காது. கோமதி அம்மன் தவமிருந்து கேட்டது ஒரு காட்சியைத்தான்: சிவனும் திருமாலும் ஒரே உருவில். சங்கரநாராயணர் சன்னதியில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று யாரும் கோடு கிழித்துப் பார்ப்பதில்லை. கும்பிட்டு, புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கணக்கு வகுப்பில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. பிளஸ் ஒன்னில் எக்ஸும் ஒய்யும் ஒரே சமன்பாட்டில் கலந்து நிற்கும் உட்படு சார்பு வந்தால் கை தானாக ஒய்யைப் பிய்த்தெடுத்து ஒரு பக்கம் நிறுத்தப் பார்க்கிறது. சிறு வயதிலிருந்தே பழகிய வேலை அது.

ஓர் எடுத்துக்காட்டு: எக்ஸ் கனம் கூட்டல் ஒய் கனம் சமம் 6 எக்ஸ் ஒய். இலை வடிவில் சுழன்று தன்னையே வெட்டிப் போகும் வளைவரை. இந்த வகைக் கோட்டைக் காட்டி, தொடுகோடு போடு பார்க்கலாம் என்று 1638-இல் ஃபெர்மாவுக்குச் சவால் விட்டவர் டெகார்ட். நுண்கணிதத்தை உருவாக்கிய நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறக்கும் முன்பே ஃபெர்மா போட்டுக் காட்டிவிட்டார்; சவால் விட்டவருக்குத்தான் சங்கடம்.

இங்கே ஒய்யைப் பிரிக்க நினைத்தால் முப்படிச் சமன்பாட்டின் நீண்ட சூத்திரத்தில் மாட்டிக்கொள்வோம். பிரிக்க வேண்டியதே இல்லை. இருக்கிறபடியே இரு பக்கமும் வகையிடலாம். ஒய்யைத் தொடும் இடத்திலெல்லாம் டிஒய் பை டிஎக்ஸ் கூட வரும், ஏனென்றால் எக்ஸ் அசைந்தால் ஒய்யும் அசையும். கடைசியில் அந்த டிஒய் பை டிஎக்ஸ், அதாவது தொடுகோட்டின் சாய்வு, கிடைக்கிறது: மேலே 2 ஒய் கழித்தல் எக்ஸ் வர்க்கம், கீழே ஒய் வர்க்கம் கழித்தல் 2 எக்ஸ்.

விடையிலும் ஒய் விடாமல் நிற்பது பலருக்கு உறுத்தும். எனக்கு அதுதான் பிடித்த இடம். எக்ஸ் 3 என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த நேர்குத்துக் கோட்டில் வளைவரைக்கு மூன்று புள்ளிகள். ஒய் 3 ஆக இருக்கும் புள்ளியில் சாய்வு கழித்தல் 1. தொடுகோடு, எக்ஸும் ஒய்யும் கூடி 6. அதற்குக் கீழே, ஒய் ஏறத்தாழ 1.85 ஆக உள்ள புள்ளியில் கோடு மேல்நோக்கி ஏறுகிறது, சாய்வு சுமார் 2. திசை கேட்பவர் நிற்கும் இடத்தைப் பாதியாகச் சொன்னால் விடை வராது.

முழுதாகச் சொன்னாலும் மாட்டும் இடம் ஒன்று உண்டு: ஆதிப்புள்ளி. அங்கே சூத்திரம் பூச்சியத்தின் கீழ் பூச்சியம் என்று கைவிரிக்கிறது. தொடுகோடு இல்லாததால் அல்ல, ஒன்றுக்கு இரண்டாக இருப்பதால். ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் கனங்கள் இரண்டும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறுத்துவிடும். மிஞ்சுவது எக்ஸ் ஒய் சமம் பூச்சியம். எக்ஸ் அச்சும் தொடுகோடு, ஒய் அச்சும் தொடுகோடு.