நடுவில் நிற்கும் வீடு

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத்துக்குத் தரும் இலக்கணத்தின் சாரம் இதுதான். ரத்த உறவு கட்டாயமில்லை. மணலியை அடுத்த மாத்தூரில், எம்.எம்.டி.ஏ. பகுதியில், ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அப்பா மாதம் 25,000 ரூபாய் கொண்டுவருகிறார். மகனுக்குக் காண்ட்ராக்ட் வேலையில் 15,000. கல்யாணம் ஆன கையோடு மகன் மாடியில் தனிக்குடித்தனம் போகிறான். தனி கேஸ் சிலிண்டர், தனி ரேஷன் கார்டு. நேற்றுவரை 40,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இன்று 25,000க்கு ஒன்று, 15,000க்கு ஒன்று. யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் ஊர் முழுக்க இப்படி அடுப்புகள் பிரிந்தால், குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்கும் ‘இடைநிலை வருமானம்’ இறங்கிவிடும். ஊர் ஏழையாகிவிட்டதா? காலம் மாறியும் ‘அதே குடும்பம்’ என்று எதைச் சொல்கிறோம் என்ற பழைய தத்துவக் கேள்வி இந்தக் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சிக்கல் எதற்கு, சராசரி போதாதா என்று கேட்கலாம். போதாது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. அதன் உற்பத்தி மதிப்பு மாவட்டக் கணக்கில் ஏறும்; அதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், ஆலைச் சுவருக்கு வெளியே வாடகைப் போர்ஷனில் இருப்பவர் பெயரிலும் ஒரு பங்கு விழும், கைக்கு வராமலே. நடு வீட்டைத் தேடும் அளவு அப்படி ஏமாறுவதில்லை. அதனால்தான் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆனால் நடு வீடு என்பது ஒரு வீடா? மிலிந்த பன்ஹா என்னும் பௌத்த நூலில் நாகசேனர் மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்பார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் கூடிய கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் தேர். நடு வீடும் வரிசையில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர். 1971இல் அங்கே நின்ற குடும்பம் 2011இல் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை. வரிசையேகூட நிலையானதல்ல. ஊராட்சியாக இருந்த மாத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2018இல் மாவட்ட எல்லையும் விரிந்து, திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு வந்தது. இப்படி இடம் மாறும் ஓர் ஊரின் குடும்பங்கள் திருவள்ளூரின் நடு வீட்டைவிட வசதியாகவும், சென்னையின் நடு வீட்டைவிட வசதி குறைவாகவும் இருந்தால், மாறிய அன்றே இரண்டு மாவட்டங்களின் இடைநிலை வருமானமும் இறங்கும். அந்த ஊரில் எவர் வீட்டு உலையிலும் ஒரு பிடி அரிசி குறைந்திருக்காது.

அப்படியானால் நடு வீடு வெறும் பெயர்தானே, வெறும் பெயருக்கு அரசு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். இது வலுவான ஆட்சேபம். ஆனால் தேர் ஒரு பெயர்தான் என்று தெரிந்த பிறகும், மன்னன் வந்து சேர்ந்தது அந்தத் தேரில்தான். நாகசேனரே இன்னோர் உவமையும் தருகிறார்: இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதல் சாமத்திலும் கடைசிச் சாமத்திலும் ஒன்றே அல்ல, வேறும் அல்ல, ஒன்றைப் பற்றி ஒன்று எரிகிறது. குடும்பமும் அப்படித்தான் தொடர்கிறது. அப்பா வாங்கிய கடன் மகன் தலையில் நிற்கிறது. அம்மா கட்டிய பள்ளிக் கட்டணம் மகளின் சம்பளமாகத் திரும்புகிறது. ஆகவே ‘வருமானம் உயர்ந்தது’ என்று சொல்ல உரிமை வேண்டுமானால், இடத்தைப் பார்த்தால் போதாது, சுடரைப் பின்தொடர வேண்டும்.

நம் நாட்டில் அது எளிதாக இருந்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதே இல்லை. தேசிய மாதிரி ஆய்வு 1964-65லும் 1969-70லும் கேட்டுப் பார்த்தது. மக்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகைக்குக் கீழே வந்தது. முயற்சி தொடரவில்லை. வாசலில் நிற்கும் அந்நியரிடம் மாசம் எவ்வளவு வருகிறது என்று யார்தான் திறந்து சொல்வார்கள்? என்.சி.ஏ.இ.ஆர். என்னும் பொருளியல் ஆய்வு நிறுவனமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05இல் 41,554 குடும்பங்களிடம் வருமானம் கேட்டன. 2011-12இல் அதே வீடுகளைத் தேடிப் போயின, பிரிந்துபோன அடுப்புகளையும் தேடின. 100க்கு 83 குடும்பங்கள் கிடைத்தன. எனக்கு உறுத்துவது மீதி 17. மாத்தூர் போன்ற தொழிற்பகுதியில் அந்தப் பதினேழில் யார் இருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல: வாடகை கட்டுப்படியாகாமல் மீஞ்சூர் பக்கம் நகர்ந்தவர்கள், காண்ட்ராக்ட் முடிந்து சொந்த ஊருக்கு ரயிலேறியவர்கள். 2026ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தேசியக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு இனிவரும் ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடந்தால், படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று குறித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகரும் முன், பக்கத்து வீட்டில் “இவங்க எங்க போனாங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு.