பதக்கம் யாருடைய சம்பாத்தியம்?

தென்காசியிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கொல்லம் மாவட்டம். சட்டப் பேராசிரியராக இருந்த ஷம்நாத் பஷீர் அந்த மாவட்டத்துக்காரர். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஆக்ஸ்போர்டு என்று படித்தவர். 2014இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். அதற்கு முன்பே, 2010இல், வசதியற்ற மாணவர்களைத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் தயார்படுத்தும் ‘ஐடியா’ அமைப்பைத் தொடங்கிவிட்டார்.

திறமைக்குப் பரிசு, சரி. திறமையே சொந்தச் சம்பாத்தியமா?

பிறவித் திறன் எவரும் தகுதியால் பெற்றதல்ல என்று ஜான் ரால்ஸ் 1971இல் வாதிட்டார். நம்மூரில் அந்தத் திறனை வினைப்பயன் என்பார்கள். வசதியற்ற குற்றாலத்துச் சீசன் கடைக்காரர் ஒருவரின் மகளுக்கு அந்த விளக்கத்தில் ஆறுதல் இருக்கலாம், நியாயம் குறைவு.

வினைப்பயன் போல இன்னொரு ஆறுதல்: பலனில் பற்று வேண்டாம் என்கிறது கீதை. உதவித்தொகையை நம்பிக் கல்லூரியில் சேர்ந்தவளிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்! பஷீர் உபதேசிக்கவில்லை; பயிற்சிக்கும் கட்டணத்துக்கும் வழி தேடினார்.