ஐயம் குற்றமா?

மாட்டுச் சந்தையிலே உழவரைக் கண்டிருக்கிறோம். விற்பவர் எவ்வளவு வேண்டியவராயினும், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவர் முகம் சுளிப்பதில்லை, "என்னை நம்பவில்லையா?" என்று சீறுவதுமில்லை. பல் பார்ப்பது பகைமையன்று, முறை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தத் தெளிவு, பழைய கார் வாங்கும்போது மட்டும், படித்தவரிடமிருந்து ஏன் பறந்தோடிவிடுகிறது?

நம் நண்பர் ஒருவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாமென்று, அன்னையின் நகையை அடகு வைத்துக் கைமாறிய கார் ஒன்றை வாங்கினார். நல்ல நாள் பார்த்தார். எண்ணின் கூட்டுத்தொகை எட்டாகாமல் பார்த்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை—வண்டியை! "பெரிய மனிதர் விற்கிறார், சோதித்தால் வருத்தப்படுவார்" என்றார். மூன்றாம் மாதம் வண்டி பட்டறையிலே, நகை அடகுக் கடையிலே, நண்பர் நடுத்தெருவிலே!

எலுமிச்சை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழுதான காரை அமெரிக்க மக்கள் 'லெமன்' என்றே கேலி செய்வர். ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர், 1970இல் அப்பெயரைத் தாங்கிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்றை வெளியிட்டார். 2001இல் நோபல் பரிசிலே பங்கு பெற்றார். அவர் காட்டியது என்ன? குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, அஞ்சி அஞ்சி, நல்ல வண்டிக்கும் குறைந்த விலையே தருவார். நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டு விலகுவார்; பழுதே சந்தையை ஆளும். பொய், வாங்குபவரை மட்டுமல்ல, நேர்மையாக விற்பவரையும் விரட்டுகிறது! எனவே, சோதித்து வாங்குபவர் நேர்மைக்குப் பகைவரல்லர், துணைவர்.

சோதனை என்ன, மந்திரமா? எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை விடாது வந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுறுங்கள். இரும்புத் தகட்டிலே காந்தம் ஒட்டாத இடத்தில், பெயிண்டின் அடியிலே பட்டி பூசப்பட்டிருக்கலாம். மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் என்கிறது; மிதிகட்டை ரப்பரோ வழுவழுவெனத் தேய்ந்திருக்கிறது; எதை நம்புவது? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தரைவிரிப்பைத் தூக்கிச் சேறு உண்டா, இருக்கையின் போல்ட்டிலே துரு உண்டா என்று பாருங்கள். பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டியிலே பொறித்த எண்ணும் ஒன்றுதானா, கடன் பாக்கி உண்டா என்றும் பாருங்கள். தெரியாவிடில், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள், அது தாழ்வன்று.

"ஏமாந்தால் என் பணம்தானே!" என்பாரும் உளர். இல்லை, தோழர்களே! கிளிஃபோர்டு என்னும் ஆங்கில அறிஞர், 1877இல் வெளிவந்த தம் கட்டுரையிலே, கப்பல் உரிமையாளர் ஒருவரைக் கற்பனையாகக் காட்டினார். கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டும் என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. செலவை எண்ணி ஐயத்தை அடக்குகிறார். "நலமாகப் போய்ச் சேரும்" என்று உளமார நம்பிப் பயணிகளை அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. உளமார நம்பினார் என்பதால் குற்றம் நீங்குமா? நீங்காது, மூழ்காமல் தப்பியிருந்தாலும் குற்றம் குற்றமே, ஏனெனில் அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை என்றார் கிளிஃபோர்டு.

பிரேக்கைச் சோதிக்காமல் வாங்கிய காரிலே நாம் ஏற்றிச் செல்வது பணத்தையா? பிறர் பெற்ற பிள்ளைகளை அன்றோ! சாலையோரம் நடப்பவர், நம் நம்பிக்கையின் நட்டத்தை ஏன் சுமக்கவேண்டும்?

ஐயம் குற்றமன்று, ஆராயாத நம்பிக்கையே குற்றம். இன்று வாங்கும் நாம், நாளை விற்பவராவோம். அன்று, வாங்க வருபவர் கேட்குமுன்பே பானட்டைத் திறந்து, "இதோ குறை, இதோ விலை" என்று நாமே காட்டுவோம். கேட்கும் துணிவும் காட்டும் நேர்மையும் ஒரே அறத்தின் இரு கைகள்!