இருட்டில் தேடிய குடம்

எங்கள் பஞ்சாலையில் ரிங் பிரேமில் அறுந்த நூலைப் பிணைத்துப் பிணைத்தே அக்காக்களின் விரல்நுனி வழவழவென்று தேய்ந்துபோகும். வாசலில் வருகை பதியும் மெஷினில் ரேகை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். பின்னால் வரிசை நெருக்கும். பதியாமலே உள்ளே போய் ஷிப்ட் முழுக்க நின்று உழைப்பார்கள். டைம் ஆபீஸ் பட்டியலில் அன்றைக்கு ஆப்சென்ட்.

கேட்டால், 'மெஷினில் இல்லையே' என்கிறார்கள் டைம் ஆபீஸில். ஒன்று இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? பாட்ட மீமாம்சகர் என்ற பழைய தத்துவப் பிரிவினர் இதற்கென்றே தனி அளவை, அதாவது அறியும் வழி, வைத்தார்கள்: காணாமையால் இன்மையை அறிவது. ஆனால் நிபந்தனை உண்டு. இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற நிலை வேண்டும். இருட்டில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. தேய்ந்த விரலின் முன் அந்த மெஷின் இருட்டில்தான் நிற்கிறது.

அப்படி ஆப்சென்ட் போடப்பட்டவர் ஓட்டிய பிரேமின் உற்பத்திக் கணக்கும், கூட நின்ற மேஸ்திரியின் வாக்கும் இருக்கின்றன. அவற்றைக் கேளாமல் கூலி பிடிப்பதைத் திருட்டு என்றே சொல்வேன். வராத நேரத்துக்கு உரியதைவிட அதிகம் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. வந்தவரிடம் பிடிக்க ஏது இடம்? வரவில்லை என்று காட்ட வேண்டியவர் பிடிப்பவர்தான். சம்பளப் பட்டியல் மூடுமுன் ஒவ்வொருவரும் தம் வருகைக் கணக்கைப் பார்த்துத் திருத்தம் எழுத ஒரு நோட்டு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.