கன்றின் பெயரால்

நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களில் இளமையிலேயே கற்பிக்கப்படுபவை. கண்ணுக்குப் புலனாகாத உயிர்களும் உயிர்களே என்னும் உணர்வு நமக்குப் புதிதன்று. ஆதலின், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காணவொண்ணாத ஒரு கிருமியை எண்ணி உலகமே நடுங்கியபொழுது, சிராவகர்களாகிய நாம் பிறரைக் காட்டிலும் தெளிவோடு நடந்திருப்போம் என்று எண்ணத் தோன்றும். பிறர் எவ்வாறு நடந்தனரோ அறியேன். நான் அவ்வாறு நடக்கவில்லை.

அந்நாட்களில் மக்கள் மனத்தில் முதலில் எழுந்தது அச்சம். அச்சத்தின் பின்னாலேயே அருவருப்பு வந்தது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் தடுத்து, உடலைக் கொண்டுசென்ற ஊர்தியின் மீதும் கல்லெறிந்தனர். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகித்சை என்பதொன்று. நோயுற்ற உடலைக் கண்டு அருவருக்காமை என்பது அதன் பொருள். தன்மீது வாந்தியெடுத்த முனிவரைத் தன் கையாலேயே கழுவித் தூய்மை செய்த உத்தாயன மன்னன் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்ட நாமும் பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பைக் கண்டதும் நம் கதவைத் தாழிட்டோம். விலகி நிற்பது அன்று தேவையாகவே இருந்தது. ஆயினும் விலகி நிற்பது வேறு, வெறுத்து நிற்பது வேறு.

பின்னர்த் தடுப்பூசி வந்தது. 2021 ஜனவரி 16-இல் நம் நாட்டில் ஊசி இடும் பணி தொடங்கிற்று. தொடங்குமுன்பே அதற்குக் கட்சி நிறம் பூசப்பட்டுவிட்டது. மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் வெளிவருமுன் கோவாக்சினுக்கு ஒப்புதல் அளித்தது முறையா என்று கேட்டவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஏசப்பட்டனர். வடநாட்டுத் தலைவர் ஒருவரோ, ஆளுங்கட்சியின் ஊசியை நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். கேள்வி நியாயமானது, அதற்கு விடையும் இருந்திருக்கும். ஆனால் கேட்டவர் யார் என்று பார்த்தார்களேயன்றிக் கேட்டது என்ன என்று பார்த்தவர் சிலரே. நம் தமிழகத்தில் நடிகர் விவேக் அவர்கள் மக்களுக்கு நம்பிக்கையூட்ட முன்வந்து ஏப்ரல் 15-ஆம் நாள் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். ஊசிக்கும் அவர் மறைவுக்கும் தொடர்பில்லை என்று நடுவண் அரசின் ஆய்வுக்குழு கூறியது பல திங்கள்களுக்குப் பின்பு. அதற்குள் அச்சம் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

அவ்வாண்டு ஜூன் நடுவில்தான் கன்றின் செய்தி வந்தது. கோவாக்சினில் கன்றுக்குட்டியின் இரத்தம் கலந்துள்ளது என்று அரசியல் கட்சியைச் சார்ந்த ஒருவர் எழுதினார். மறுநாளுக்குள் அது கைபேசிகளில் எல்லாம் வந்துவிட்டது. நலத்துறை அமைச்சகம் விளக்கமளித்தது. அதன் சாரம் இது: கிருமியை வளர்ப்பதற்கு வீரோ செல்கள் என்னும் உயிரணுக்கள் தேவை. அவ்வணுக்கள் வளர்வதற்குப் பிறந்த கன்றின் குருதிநீர் ஊட்டப்படுகிறது. பிறகு அவை பலமுறை கழுவப்படுகின்றன. அதன்பின்னரே கிருமி அவற்றில் வளர்க்கப்பட்டு, செயலிழக்கச் செய்யப்பட்டுத் தூய்மைப்படுத்தப்படுகிறது. முடிவில் கிடைக்கும் மருந்தில் கன்றின் குருதிநீர் இல்லை.

ஆக, இருந்தது என்றவரும் பொய் சொல்லவில்லை. இல்லை என்றவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருள் எவரும் கன்றுக்காகப் பேசவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. ஒருவர் எதிர்க்கட்சியை நாணச் செய்யப் பேசினார். மற்றவர் தம் ஆட்சியைக் காக்கப் பேசினார். கன்று ஒரு நாள் செய்தித்தாளில் இடம்பெற்றது, மறுநாள் மறைந்தது. நாம் காலையில் அருந்தும் காப்பிக்காகத் தாய்மடியிலிருந்து இழுத்துக் கட்டப்படும் கன்றையும் அன்று எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நான் அதற்கு முன்னரே, மே திங்களுக்குள், அதே ஊசியை இருமுறையும் போட்டுக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்த அன்று எனக்கு உணவு செல்லவில்லை. உபவாசம் இருந்தேன். மாலையில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்துவந்த என் தமக்கையாருக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதேன். "அக்கா, அந்த ஊசியில் கன்றின் இரத்தம் சேர்க்கிறார்களாம், அறியாமல் போட்டுக்கொண்டுவிட்டேன்" என்றேன். அவர் அதுவரை ஊசி போட்டுக்கொண்டிருக்கவில்லை. "நல்லவேளை, சொன்னாயே அம்மா" என்றார்.

இந்த இடத்தில் நம் ஆகமக் கருத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லறத்தாருக்கு இம்சையை நான்காகப் பகுப்பர்: கருதிச் செய்யும் சங்கல்பி, மனைத்தொழிலில் நேரும் ஆரம்பி, பிழைப்புத் தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. முதலாவதை அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியால் நேரும் இம்சை விரோதி இம்சையே, அதனால் பெரிதன்று என்று நண்பர்கள் பலர் எனக்கு ஆறுதல் கூறினர். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. கிருமி நமக்குப் பகை என்று வைத்துக்கொண்டாலும், கன்று நமக்கு என்ன பகை செய்தது? அம்மருந்தின் ஆற்றலை அறிவதற்காகச் சோதனைக்கு ஆளாக்கப்பட்ட 20 குரங்குகள் என்ன பகை செய்தன? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் உடன்படுதலாவது நம்மைச் சேரும். பெயரை மாற்றிச் சொல்வதால் வினை மாறிவிடாது.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பற்ற நடத்தையால், உயிருக்கு நேரும் கேட்டையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்கிறது. கொல்லும் எண்ணம் இன்றியும், கவனக்குறைவால் மட்டுமே இம்சை நிகழலாம். நோயைத் தடுக்கக்கூடிய ஒன்றை விலக்குவதும், பிறரை விலக்கச் செய்வதும் இக்கணக்கில் வரவேண்டும் அன்றோ?

என் மேற்கையில் இன்றும் வட்டமான தழும்பொன்று உள்ளது. அம்மை குத்துகிறவர் எங்கள் ஊருக்கு வந்த நாளில் குழந்தைகள் வைக்கோற்போரில் ஒளிந்துகொள்வோம். அந்த அம்மைப்பால் கன்றின் தோலில் வளர்த்து எடுக்கப்பட்டது என்பதை ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த பின்னரே அறிந்தேன். 1899-இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம் அதைச் செய்துவந்தது. பசுவிலிருந்து பெறப்படுவது என்பதும் காந்தியடிகள் அம்மைக் குத்தலை எதிர்த்தமைக்குக் காரணங்களுள் ஒன்று. அவர் மனச்சான்று மெய்யானது. பெரியம்மை உலகினின்று ஒழிந்தது என்று 1980 மே திங்களில் அறிவிக்கப்பட்டதும் மெய்யானது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பதற்கு அநேகாந்தம் பயின்ற நமக்காவது இயலவேண்டும்.

இம்சை குறைந்த வழியும் உண்டு என்பதற்கு வெறிநாய்க்கடி ஊசியே சான்று. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று நாம் அஞ்சியது, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. குன்னூரிலும் நெடுங்காலம் செய்தனர். 2004-இன் இறுதியோடு நம் நாட்டில் அது கைவிடப்பட்டது. உயிரணு வளர்ப்பு முறையால் ஆன ஊசிகள் அதன் இடத்தைப் பெற்றன. வீரோ செல்கள் 1962-இல் ஜப்பானில் ஒரே ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அன்று தொட்டு வளர்ப்பிலேயே பெருகி வருகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குரங்கைக் கொல்ல வேண்டியதில்லை. கன்றின் குருதிநீர் இன்றியே அணுக்களை வளர்க்கும் முறைகளும் அறிவியலில் உள்ளன. கன்றுக்காக மெய்யாகவே வருந்துபவர் கேட்கவேண்டியது அம்முறைகளையே. உற்பத்தியாளருக்கும் அமைச்சகத்திற்கும் நம் சங்கங்கள் ஒரு மடல் எழுதியிருக்கலாம். எழுதினோமா? வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதோடு நம் ஜீவதயை நின்றுவிட்டது.

2021 செப்டம்பர் 12 முதல் தமிழகமெங்கும் பெருமுகாம்கள் நடைபெற்றன. செவிலியர் என் தமக்கையாரின் வீட்டிற்கு இருமுறை வந்தனர். இருமுறையும் கைகூப்பி அனுப்பிவிட்டார். 2022 ஜனவரியில் நோய் கண்டது. பதினோராம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. வயது எண்பதைக் கடந்திருந்தது. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற இயலாது. என்னாலும் இயலாது. இருப்பினும் அந்த முகாமில் இடப்பட்டது கோவிஷீல்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் கன்றின் பெயரைச் சொன்னது வேறொரு ஊசியைப் பற்றி.

நான் சொன்னது பொய்யன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள். விடைத்தாளில் பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் இடுவது என் வழக்கம். ஆனால் சத்திய விரதத்தில் அவ்வாறு பாதி மதிப்பெண் உண்டா? எனக்குக் காப்புக் கிடைத்த பின்னர்க் கன்றுக்காக அழுதேன். அந்த அழுகை அவர் வாயிலில் காப்பைத் தடுத்து நிறுத்தியது. அமைச்சகத்தின் விளக்கம் மறுநாளே என் கைக்கு வந்தது. அதைப் படித்தேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்கு மீண்டும் தொலைபேசியில் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

பிரதிக்கிரமணம் செய்யும்போதெல்லாம் இவ்விடத்தில் நின்றுவிடுகிறேன். "அக்கா, கன்றின் குருதிநீரைப் பயன்படுத்துவது உண்மை, மருந்தில் அது எஞ்சுவதில்லை என்கிறார்கள், உங்கள் ஊரில் போடுவது எந்த ஊசி என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுக்கொண்டேன், நலமாக இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதன்பின் அவர் வேண்டாம் என்றிருந்தாலும், அது அவரே எடுத்த முடிவாக இருந்திருக்கும்.