இறவாரத்தில் ஒரு நித்திய கர்மம்

ஒருமுறை செய்து முடித்துவிட்டால் மறுபடியும் செய்யவேண்டியதில்லை என்று சொல்லத்தக்க கடமை ஒன்றேனும் இல்லறத்தானுக்கு உண்டா என்னும் கேள்வியை நம் முன்னோர் யாகசாலைகளிலும் மடங்களிலும் அமர்ந்து விசாரித்தார்கள். அதே கேள்வியை அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் ஆகிய ராஜ்யங்களின் மலைக்காடுகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு வாழும் குடும்பஸ்தர்கள், சாஸ்திரத்தின் பெயரைக்கூட அறியாமல், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏணியின் மேற்படியில் நின்றவண்ணம் விசாரிக்கிறார்கள். கூரையிலிருந்து இறங்கும் நீரை ஏந்தி, அஸ்திவாரத்தை விட்டு அப்பால் கொண்டுபோய் விடுவதற்காக இறவாரத்தின் ஓரத்தில் மாட்டியிருக்கும் 5 அங்குல அகலத்து அலுமினியப் பீலியே அவர்களுடைய விசாரணைக்கு விஷயம். அதன்மேல் எந்த மூடியைப் போட்டால் இனி அதைத் துடைக்கவேண்டாம் என்று கேட்கிறார்கள்.

மூடியைப் பற்றிப் பேசுமுன் மரங்களைப் பற்றிப் பேசவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெர்மான்ட் மலைச்சரிவுகள் பெரும்பாலும் செம்மறி மந்தைகளின் மேய்ச்சலுக்காக மொட்டையடிக்கப்பட்டிருந்தன; மந்தைகள் குறைந்து, குடியானவர்கள் மேற்குத் திசை நோக்கிப் பெயர்ந்தபின், பெரும்பாலும் யாரும் நடாமலே காடு திரும்பி வந்து, இன்று அந்த ராஜ்யத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தன்வசப்படுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்டின் மேப்பிள் இலை பெரியது. சாதாரணத் துளைத்தகடே அதைத் தடுத்துவிடும், காய்ந்தபின் காற்று அதை எடுத்துப் போய்விடும். உபத்திரவமெல்லாம் ஊசியிலை மரங்களால்தான். வெள்ளைப் பைன் மரத்தின் ஊசிகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து, 3 முதல் 5 அங்குல நீளமும் மில்லிமீட்டரை எட்டாத கனமும் உடையனவாய், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழுத்து உதிரும்போது, அகன்ற துளையுள்ள எந்த மூடியிலும் நுனி குத்தி, பாதி உள்ளும் பாதி வெளியுமாகச் சிக்கி நிற்கின்றன. பின்னால் வரும் ஊசிகள் அவற்றின் குறுக்கே விழுந்து பின்னிக்கொள்கின்றன. ஹெம்லாக் ஊசியோ அரை அங்குலமே இருப்பதால் தடையின்றி உள்ளே இறங்கி, கூரைத் தார் ஓட்டிலிருந்து உதிரும் மணலோடு கலந்து சேறாகிறது. பீலிக்குக் கொடுக்கும் சரிவு 10 அடிக்குக் கால் அங்குலந்தான். அந்தச் சொற்பச் சரிவில் மெல்ல நடக்கும் தண்ணீரை நிறுத்த ஒரு கைப்பிடிச் சேறு போதும்.

கர்மங்களை வகைப்படுத்திய மீமாம்சகர்கள், பலனை விரும்பிச் செய்யும் காமிய கர்மத்துக்கு வேறாக நித்திய கர்மம் என்று ஒன்றை வைத்தார்கள். அதைச் செய்வதால் புதிதாக ஒரு பயனும் விளைவதில்லை, செய்யாமல் விட்டாலோ பிரத்தியவாயம் என்னும் தோஷம் வந்து பற்றும் என்பது ஆசாரியர்கள் பலர் கொண்ட கொள்கை. இந்த லட்சணத்துக்குப் பீலி துடைப்பதைக் காட்டிலும் பொருத்தமான லௌகிக உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. துடைத்த பீலியை எந்த அயலானும் புகழ்வதில்லை. அதனால் வீட்டின் விலை ஒரு டாலர் கூடுவதுமில்லை. ஆனால் துடைக்காமல் விட்ட வருஷத்தில் தண்ணீர் விளிம்பு வழிந்து நிலவறைச் சுவரில் கசியும், இறவாரப் பலகை உளுத்துப்போகும், வசந்தம் வந்ததும் மேப்பிள் விதைகள் பீலிக்குள்ளேயே முளைவிட்டு நிற்கும். புகழற்ற கடமையிலிருந்து விமோசனம் தேடுவது மனித சுபாவம். ஆயுள் முழுதும் கவலையில்லை என்ற வாக்கோடு அந்த விமோசனத்தை அடிக்கணக்கில் அளந்து விற்பது வியாபாரிகளின் சாமர்த்தியம்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூவகையாகப் பிரிக்கிறது. விதிக்கப்பட்ட கர்மத்தை மோகத்தால் விட்டுவிடுவது தாமசம். சரீரத்துக்குக் கஷ்டம் நேருமே என்ற பயத்தால் விடுவது ராஜசம், அப்படி விட்டவன் தியாகத்தின் பலனை அடைவதில்லை. செய்யவேண்டியது என்பதற்காகவே செய்து, பற்றையும் பலனையும் மட்டும் விடுவது சாத்விகம். பீலி இருப்பதையே மறந்துபோனவனை முதல் வகுப்பிலும், ஏணிக்கு அஞ்சி மூடி வாங்குகிறவனை இரண்டாம் வகுப்பிலும் சேர்த்துவிடலாம் என்று முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் எழுபது வயதுக் கிழவர் ஒருவரைக் கீதையைக் காட்டி, நவம்பர் மாதத்து ஈர ஏணியில் ஏற்றிவிடுவது தர்மமாகாது. சரீர கிலேசம் வேறு, பிராண ஹானி வேறு. ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்வதை எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. ஆகவே மூடி வாங்குவதில் குற்றமில்லை. அதை வாங்கியதோடு கர்மம் ஒழிந்தது என்று நம்புவதில்தான் அந்த ராஜச தியாகத்தின் சாயல் இருக்கிறது.

கீதையை அந்தக் காட்டுக்கு நான் வலிந்து இழுத்துச் செல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அப்பிரதேசத்துக்குச் சற்றுத் தெற்கே, மாசாசூசெட்ஸ் ராஜ்யத்துக் கான்கார்டு ஊரையடுத்த வால்டன் குளக்கரையில், வெள்ளைப் பைன் மரத்தைத் தன் கையால் வெட்டிக் குடில் கட்டிக்கொண்டு, 1845 ஜூலை முதல் இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ, வில்கின்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கீதையை வாசித்து அனுபவித்தவர். அக்குளத்தில் குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டியெடுக்கப்பட்டதைச் சொல்லும் அத்தியாயத்திலேயே அவர் கீதையைப் போற்றுகிறார். சென்னையில் பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடமும் அந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்கவே எழுந்தது. ஞானம் அங்கே போயிற்று, பனிக்கட்டி இங்கே வந்தது; பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்பதை வாசகர்களே முடிவுசெய்துகொள்ளட்டும்.

கடைகளில் கிடைக்கும் மூடிகளில் நுரைப்பஞ்சாலும் தூரிகை மயிராலும் ஆனவற்றைப் பற்றி நெடுநேரம் பேச அவசியமில்லை. பைன் ஊசி அவற்றில் புகுந்தால் வெளியே வருவதில்லை, ஈரத்தைக் காத்து விதைக்கு நாற்றங்காலாகவும் அவை ஆகிவிடுகின்றன. ஆலோசிக்கத் தக்கவை இரண்டே. ஒன்று, பீலியை முழுவதும் மறைத்து முன்புறம் வளைந்து இறங்கும் கவிகைத் தகடு: தண்ணீர் பரப்பை ஒட்டிக்கொண்டு வளைவைச் சுற்றி ஓடி, குறுகிய வாயில் நுழையும், இலை நேரே வெளியே பாயும் என்பது அதன் தத்துவம். தத்துவம் மேப்பிள் இலைக்குப் பொருந்துகிறது. ஈரப்பட்ட பைன் ஊசியோ நீரோடு ஒட்டி நீர் போகும் வழியே தானும் வளைந்து உள்ளே போய்விடுகிறது. மற்றொன்று, துருவேறா எஃகுக் கம்பியால் மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்களோடு நெய்த நுண்வலை. அது ஊசியைத் தடுக்கும். ஆயினும் வசந்தத்தின் கடைசியில் பைன் மகரந்தமும் பிசினும் படிந்து கண்ணடைத்துக்கொண்டால் பெருமழை அதன்மேல் தாவி வழியும். வேண்டாததை விலக்கும் சக்தி மிகுந்த அளவுக்கு வேண்டியதை ஏற்கும் சக்தி குறைகிறது. விவேகம் அதிகரிக்க அதிகரிக்க நட்பு வட்டம் சுருங்கிப்போகும் சில பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இருந்தும் நுண்வலையையே நான் தேர்ந்தெடுப்பேன். அதன் தோஷம் பிரத்தியட்சம். அழுக்கு மேலே கிடக்கிறது. முற்றத்தில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம், நீண்ட கழியில் கட்டிய மெல்லிய தூரிகையால் தள்ளிவிடலாம். கவிகைத் தகட்டின் தோஷமோ இருட்டில் அநுமானத்துக்கு மட்டும் எட்டுவதாகச் சேர்ந்துகொண்டே போய், சுவர் நனைந்த பிறகு தெரியவருகிறது. வலையைக் கூரையின் சரிவோடு இசைந்த சரிவில், ஓட்டை நெம்பித் தூக்காமல், பீலியின் வெளிவிளிம்பிலும் இறவாரப் பலகையிலும் திருகாணியால் இறுக்கிப் பொருத்தவேண்டும். பனியின் பாரத்தில் தொய்யாதபடி அதற்கு உறுதியான சட்டம் வேண்டும். பிளாஸ்டிக் மூடிகள் கடுங்குளிரில் நொறுங்கும்.

பனிக்காலம் இதைவிட ஆழமான ஒரு பிரச்னையைக் கிளப்புகிறது. வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகரில் சராசரியாக வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல் வெண்பனி பெய்கிறது. வீட்டினுள் மூட்டிய வெப்பம் பரணின் இடுக்குகள் வழியே கசிந்து கூரையைச் சூடாக்க, பனியின் அடிப்பாகம் உருகி நீராய் இறங்கி, வீட்டுச் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மறுபடி உறைந்து, பனிக்கட்டி அணையாக எழும்புகிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் நீர் ஓட்டின் அடியில் மேல்நோக்கி ஊர்ந்து, படுக்கையறைக் கூரையில் கறையாக வெளிப்படுகிறது. வீட்டுக்காரன் வெளியே வந்து பார்க்கிறான். பீலியில் ஈட்டிகள்போல் பனிக்கட்டி தொங்குகிறது. பீலியே குற்றவாளி என்று தீர்மானித்து, அதற்கு நல்ல மூடி தேடுகிறான். தர்க்கவாதிகளான நையாயிகர்கள் இந்த மயக்கத்தை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். குடம் உண்டாவதற்கு முன் மண்ணும் குயவனும் சக்கரமும் இருந்ததுபோல, மண் சுமந்து வந்த கழுதையும் இருந்தது; ஆனாலும் கழுதை குடத்துக்குக் காரணமாகாது, அது அந்நியதாசித்தம் என்று அவர்கள் ஒதுக்கினார்கள். பீலியில் உறைந்த கட்டி அணைக்குச் சிறிது துணைபோகக்கூடும். மூலகாரணமோ அவன் தலைக்கு மேலேயுள்ள பரணில், விளக்குக் குழியைச் சுற்றியும் பரண் கதவைச் சுற்றியும் அடைக்கப்படாத இடுக்குகளில் இருக்கிறது. இடுக்குகளை அடைத்து, வெப்பத் தடுப்புப் பஞ்சைப் போதிய கனத்தில் பரப்பி, இறவாரத்தின் அடியில் புகுந்த குளிர்காற்று கூரையின் முகட்டில் வெளியேற வழி விட்டவன், பீலியைத் தொடாமலே பீலியின் உபாதியைப் பெரும்பாலும் தீர்த்தவனாகிறான். கட்டட விதிகளும் இதையறிந்தே, அத்தகைய பிரதேசங்களில் ஓட்டின் அடியில் நீர் புகாத விரிப்பை இறவார விளிம்பிலிருந்து வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 24 அங்குலம் வரையில் இடச்சொல்கின்றன. 40 அடிப் பீலி முழுதும் உறைந்தால் பெரும்பாரம் கொக்கிகளில் தொங்குகிறது. எந்த வலையும் அந்தப் பாரத்தைக் குறைக்காது.

செங்குத்தான உலோகக் கூரை உள்ள வீடுகளுக்கு இந்த விசாரணையே வேண்டாம். அங்கே பனி ஒரே பாளமாகச் சரிந்து பீலியையும் மூடியையும் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதைக் கண்டறிந்தவர்கள் பலர், பீலியே வைக்காமல், கூரைநீர் விழும் கோட்டின் நெடுக ஒரு பள்ளம் தோண்டிச் சரளைக் கல் நிரப்பி, மண்ணை வீட்டை விட்டு வெளிப்புறமாகச் சரித்துவிடுகிறார்கள். அவர்களிலும் சிலர் வாசற்படிக்கு நேர் மேலே மட்டும் நான்கடி நீளத்துக்கு ஒரு பீலித் துண்டை மாட்டி, வருஷந்தோறும் அது வளைந்துபோனாலும் நிமிர்த்தி மறுபடியும் மாட்டுகிறார்கள். கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கும் விருந்தாளியின் பிடரியில் பனிநீர் சொட்டக் கூடாதல்லவா!